மலைநாட்டுக் கவிஞர் கண்ட உலக மனிதன்

பிழைப்பைத் தேடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. வந்த இடத்தில் என்றும் அயலாராகவே நின்றுவிடுவோமோ என்பது ஒன்று. நம் பிள்ளைகள் நமக்கே அயலாராகிவிடுவார்களோ என்பது மற்றொன்று. முதல் அச்சம் சந்தையிலும் அலுவலகத்திலும் பிறக்கின்றது. இரண்டாவது அச்சம் வீட்டுக்குள்ளேயே பிறக்கின்றது. மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணியாற்ற மைசூருக்கு வந்து சேர்ந்த நாள் முதல் இவ்விரண்டு அச்சங்களையும் நான் அறிவேன். இவற்றுக்கு மருந்தாக எனக்கு வாய்த்தது, இந்நகரிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் சிந்தனை. அவர் தமிழர் அல்லர். கன்னடத்தின் பெருங்கவிஞர் குவெம்பு.

அவரை எனக்கு அறிமுகம் செய்தவர் என் அலுவலகத்துக் கண்காணிப்பாளர். ஓய்வு பெறும் நிலையில் இருந்த அப்பெரியவர், உணவு இடைவேளைகளில் எனக்குக் கன்னட எழுத்துக்களைக் கற்பித்தார். நம் பால் அங்கே ஹாலு ஆயிற்று. நம் பூ, ஹூவு ஆயிற்று. நம் பள்ளி, ஹள்ளி ஆயிற்று. பகரம் ஹகரமாக மாறும் இந்த ஒரு விதியை அறிந்தவுடன், தெருவிலுள்ள பெயர்ப்பலகைகளெல்லாம் நெடுநாள் பிரிந்திருந்த உறவினர்போல் என்னிடம் பேசத் தொடங்கின. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் அவர் என் கையில் கொடுத்த முதல் பாடல், 2004ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் மாநிலப் பாடலாக ஏற்கப்பெற்ற குவெம்புவின் பாடல். பல சமயத்தாரும் கூடி வாழும் பூங்காவாக இந்நாட்டை அது போற்றுகின்றது. அதிலே சங்கரரும் பசவேசுவரரும் வருகின்றனர். திருப்பெரும்புதூரிலே பிறந்து மேலுக்கோட்டைக்கு வந்து தங்கிய இராமானுசரும் வருகின்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரையும் தம் மண்ணின் பெருமையாகக் கவிஞர் எண்ணுகின்றார் என்று கண்டபோது, என் முதல் அச்சம் பாதி குறைந்தது.

காட்டிலிருந்து கல்லூரிக்கு

குவெம்பு என்பது குப்பள்ளி வெங்கடப்பா புட்டப்பா என்னும் பெயரின் சுருக்கம். 1904ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் பிறந்த அவர், சிவமொக்கா மாவட்டத்துத் தீர்த்தஹள்ளி வட்டத்திலுள்ள குப்பள்ளியில் வளர்ந்தார். மழையும் காடும் நிறைந்த மலைநாடு அது. உழவர் குடியினர், கல்வி அக்குடிக்கு எளிதில் எட்டாத காலம். உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்காக மைசூருக்கு வந்த அவ்விளைஞர், தொடக்கத்தில் ஆங்கிலத்திலேதான் கவிதை எழுதினார். 1924ஆம் ஆண்டில் அக்கவிதைகளை அயர்லாந்து நாட்டுக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அவர்களிடம் காட்டியபோது, உம் தாய்மொழியிலே எழுதும் என்று அவர் அறிவுரை கூறினார். ஆங்கிலம் எழுத வல்ல ஓர் அயல்நாட்டவர் சொல்லித்தான் ஒரு கன்னட மகாகவி தம் மொழிக்குத் திரும்பினார்! உலகத்தின் கதவும் தாய்மொழியின் கதவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1929இல் மகாராஜா கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த அவர், பின்னர் அதன் முதல்வராகி, 1956 முதல் 1960 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். அப்பல்கலைக்கழகத்திலேயே பயின்று பட்டம் பெற்று, அதற்கே துணைவேந்தரானவர்களுள் அவரே முதல்வர். நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் மானசகங்கோத்ரி வளாகம் அவர் உருவாக்கியது; அழகிய அப்பெயரும் அவர் இட்டதே. உயர்கல்வியும் அறிவியலும் கன்னடத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்பதற்காக அவர் ஓயாது உழைத்தார். 1967ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது அவருடைய ஸ்ரீ ராமாயண தர்சனம் என்னும் காப்பியத்துக்குக் குஜராத்தியக் கவிஞர் உமாசங்கர் ஜோஷியுடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது. வொண்டிகொப்பலில் உதயரவி என்னும் தம் இல்லத்தில் வாழ்ந்து, 1994ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அவர் மறைந்தார்.

பிறக்கும்போது எல்லோரும் பெரியவர்

குவெம்புவின் கொள்கையைச் சுருங்கச் சொன்னால் இதுவே. பிறக்கின்ற ஒவ்வொரு குழந்தையும் உலக மனிதனாகவே பிறக்கின்றது. அதனை அவர் விசுவமானவன் என்றார். பிறந்த பின்னர் நாம்தாம் அதற்குச் சாதி என்றும் மதம் என்றும் நாடு என்றும் எல்லைகள் கட்டி, அதனைச் சிறு மனிதனாக்கிவிடுகின்றோம். அச்சிறு மனிதனை மீண்டும் உலக மனிதனாக்குவதே கல்வியின் கடமை. பண்பாட்டின் கடமையும் அதுவே.

இது கேட்பதற்கு இனிய தத்துவம் மட்டும் அன்று; அவர் அதனை நடைமுறையில் நிறுத்தினார். வருணப் பாகுபாட்டைச் சீர்திருத்தினால் போதாது, அதனை அடியோடு நீக்க வேண்டும் என்றார். ஒரே நூலைத் தலைமேற் கொள்ளாது, எல்லா நூல்களையும் கற்று, அவரவரும் தம் நெறியைத் தாமே காண வேண்டும் என்றார். 1944இல் வெளிவந்த சூத்ர தபஸ்வி என்னும் நாடகத்தில் சம்புகன் கதையையே மாற்றினார். தவம் செய்த சம்புகனை இராமனின் அம்பு கொல்லவில்லை, அவனைக் குற்றம் சாட்டியவரை நோக்கியே அது திரும்புகின்றது. 1966இல் தம் மகன் பூர்ணசந்திர தேஜஸ்வியின் திருமணத்தைப் புரோகிதரும் ஆடம்பரமும் இன்றி, மந்த்ர மாங்கல்யம் என்னும் எளிய முறையில் நடத்தினார். சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கும் சட்டத் திருத்தம் நம் தமிழகத்தில் 1967இல் நிறைவேறியது என்பதை நினைத்தால், ஒரே காலத்தில் இரு மண்ணிலும் வீசிய காற்று ஒன்றே என்பது விளங்கும்.

அவருடைய இராமாயணத்தின் தொடக்கத்தில் ஒரு பகுதி என்னைப் பெரிதும் கவர்ந்தது. தமக்கு முன் பாடிய பெருங்கவிஞர்களை அவர் அங்கே வணங்குகின்றார். ஹோமர், வர்ஜில், தாந்தே, மில்டன் ஆகிய மேலைநாட்டாரும், வியாசரும் காளிதாசரும் துளசிதாசரும், கன்னடத்துப் பம்பனும், பாரசீகத்துப் பிர்தௌசியும் அவ்வரிசையில் நிற்கின்றனர். அவர்களோடு நம் கம்பனும் நிற்கின்றான்! அவ்வரிசையில் உயர்ந்த பந்தி, தாழ்ந்த பந்தி என்பது இல்லை. நாடுகளிடையே சமன்மை வேண்டும் என்று உலக மன்றங்களில் பேசுகின்றோம். மொழிகளுக்கும் கவிஞர்களுக்கும் ஒரே பாயில் இருக்கை தருவது அச்சமன்மையின் முதற்படி அன்றோ? அவர் பெயரால் வழங்கப்படும் தேசிய விருது 2022ஆம் ஆண்டில் நம் எழுத்தாளர் இமையத்துக்குக் கிடைத்தது, அந்த வணக்கத்தின் தொடர்ச்சியாகவே எனக்குத் தோன்றியது.

வேரும் விழுதும்

உலக மனிதன் என்றால் மொழியற்றவன் என்று பொருள் கொள்வார் சிலர். வீட்டில் பாதி ஆங்கிலம், வெளியில் பாதி ஆங்கிலம் என்று வளரும் பிள்ளையே உலகப் பிள்ளை என்று மகிழ்வாரும் நம்மிடையே உளர். குவெம்புவின் வாழ்வு இதனை மறுக்கின்றது. தாய்மொழியிலே வேரூன்றியதால்தான் அவர் உலகெங்கும் விழுது விட்டார்.

மைசூரிலேயே நமக்கு இன்னொரு சான்று உண்டு. 1929ஆம் ஆண்டில் இந்நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில், கணிதப் பேராசிரியர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் ஏ. கே. இராமானுஜன். அவர் வீட்டில் அன்னையோடு தமிழ், தந்தையோடு ஆங்கிலம், தெருவிலே கன்னடம். மகாராஜா கல்லூரியில் பயின்று, பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், 1967இல் குறுந்தொகைப் பாடல்களையும், 1973இல் வீரசைவ வசனங்களையும் ஆங்கிலத்தில் தந்தார். நம் சங்கப் பாடல்களும் கன்னடத்தின் வசனங்களும் ஒரே கையால் உலகுக்குப் போயின. குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை இரண்டு மொழிக்கும் நடுவே தொங்க வேண்டியதில்லை, இரண்டுக்கும் பாலமாகலாம்.

இக்கருத்தை வெறும் இலக்கியமாகக் கருத வேண்டா. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி, 1991ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டதை நம் மூத்தோர் மறக்கவில்லை. நம் சங்க அன்பர் ஒருவர், அந்நாட்களில் தம் குடும்பத்தைத் தம் வீட்டில் வைத்துக் காத்த கன்னடத்து அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் கண் கலங்குவார். மனிதனைச் சிறியவனாக்குவது எது, பெரியவனாக்குவது எது என்பதை அவ்வொரு வாரத்தில் இருதிறமாகவும் கண்டவர் அவர். 2009 ஆகஸ்டில் பெங்களூர் அல்சூரில் திருவள்ளுவர் சிலையும், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் சில நாள் இடைவெளியில் திறக்கப்பெற்றன. வள்ளுவர் பதினெட்டு ஆண்டுகள் மூடிய துணிக்குள் காத்திருந்தார். சிலைகள் திறந்தன, உள்ளங்களும் திறந்திருக்க வேண்டும்.

எங்கள் வாசலில் வந்து நின்றவள்

என் மகள் படிக்கும் பள்ளியில் ஆங்கிலம் பயிற்றுமொழி, கன்னடம் பாடமொழி. தமிழுக்கு அங்கே இடமில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி செய்து தர வேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பயிற்றுமொழியை அரசு திணிக்க இயலாது, தேர்வு பெற்றோருடையது என்று, கர்நாடகத்தைப் பற்றிய வழக்கில் 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, நம் பிள்ளைகளின் தாய்மொழி பெற்றோராகிய நம் கையில் இருக்கின்றது. ஆதலின் என் மனைவி நாள்தோறும் மாலையில் திண்ணையில் அமர்ந்து மகளுக்குச் சிலேட்டில் தமிழ் எழுத்துக்களைக் கற்பித்தாள்.

அப்போது எங்கள் தெருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. வேலை செய்தவர்களுள் தருமபுரி மாவட்டத்துத் தமிழர் பலர். அவர்கள் பிள்ளைகளுள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, தம்பியை இடுப்பில் சுமந்தபடி எங்கள் வாசலில் வந்து நிற்பாள். பல நாட்கள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருநாள், "அக்கா, அந்தப் பலகையில நானும் எழுதட்டுமா?" என்று கேட்டாள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் சரளமாகப் பேசினாள். மூன்றிலும் ஓர் எழுத்தும் அறியாள். எதற்கு எழுதக் கற்க வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். "பென்னாகரம் பஸ்ஸுல என்ன எழுதியிருக்கும்னு தெரியணும்" என்பது அவள் விடை.

ஒரு மொழியின் பயன் என்ன என்பதற்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. ஆறு வாரங்களில் பென்னாகரம் என்று தானே எழுதினாள். ஓய்வு பெற்றிருந்த எங்கள் கண்காணிப்பாளர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, அதே சிலேட்டில் மைசூரு என்று கன்னடத்தில் எழுதிக் காட்டினார், அதையும் கற்றாள். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் அவளைச் சேர்ப்பது பற்றி அவள் தந்தையிடம் பேசினோம், அவரும் இசைந்தார். அதற்குள் மேல்தளம் போட்டு முடிந்தது. வேலை முடிந்த கூட்டம் வேறு ஊருக்குப் புறப்பட்டுவிட்டது.

ஆறு முதல் பதினான்கு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி என்று 2009ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தந்துள்ளது. கல்வி மானிடர் அனைவர்க்கும் உரியது என்று 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை உலகுக்கே அறிவித்தது. ஆயின் பள்ளி ஓரிடத்தில் நிற்கின்றது. ஏழையின் வேலையோ ஊர் ஊராக நகர்கின்றது. குறுகிய உள்ளம் மட்டும் மனிதனைச் சிறியவனாக்குவதில்லை, வறுமையும் ஆக்குகின்றது. மூன்று மொழி பேசும் அச்சிறுமியை விடவும் உலக மனிதனுக்கு நெருங்கியவர் நம்மில் யார்? அவளுக்குக் கிடைக்காததோ ஒரு சிலேட்டும் ஒரு திண்ணையும்.

நம் சங்கத்தின் முன்னுள்ள பணி

மைசூரில் தமிழுக்குக் குறைவில்லை. 1969இல் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இங்கே உள்ளது. செம்மொழித் தமிழுக்கான மையமும் 2006இல் அந்நிறுவனத்தில்தான் தொடங்கிப் பின்னர் சென்னைக்குச் சென்றது. ஆனால் ஆய்வு மன்றத்தில் வாழும் தமிழ், கட்டட வேலைத் தலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளையின் கைக்கும் வர வேண்டும்.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நாம் சிறப்புற நடத்துகின்றோம், நடத்துவோம். அவற்றோடு, கிழமையில் மூன்று மாலைகள் இரண்டு மணி நேரம் நம் மன்றத்தின் கதவைத் திறந்து வைப்போம். நம் பிள்ளைகளும் வேலைத்தலப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமரட்டும். முதல் மணியில் தமிழ் எழுத்து. இரண்டாம் மணியில் கன்னட எழுத்து. கன்னடம் கற்பிக்கக் கன்னட அன்பர்களை அழைப்போம்; அவர்கள் வருவார்கள் என்பதை என் அனுபவத்தால் சொல்லுகின்றேன். ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்தால், அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு நாம் எழுதும் ஒரு கடிதம் அப்பிள்ளையின் படிப்பை அறுபடாது காக்கும். பட்டதாரிகளும் ஓய்வு பெற்றோரும் நிறைந்த நம் சங்கத்துக்கு இது பெரும் செலவன்று.

எல்லா ஊரும் நம் ஊர் என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கணியன் பூங்குன்றனார் உணர்ந்தார். அவ்வுணர்வையே மலைநாட்டுக் கவிஞர் நம் காலத்தில் கல்வியின் குறிக்கோளாக வகுத்தார். தமிழில் நின்று, கன்னடத்தை மதித்துக் கற்று, எழுத்தறியாத ஒரு குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் குடும்பம் எந்த மண்ணிலும் அயல்குடும்பம் ஆகாது. வரும் ஆண்டு மலரில், அம்மாலை வகுப்பில் பயின்ற பிள்ளைகள் தம் கையால் எழுதிய பக்கம் ஒன்று இடம்பெற வேண்டும் என்பதே என் வேணவா.