ஜனவரி மாதச் சீட்டு

புனேயில் ஓர் இளம் தாய் திடீரென்று நோயில் விழுந்தபோது, அக்கம்பக்கத்துப் பெண்களின் கையில் இருந்தது ஒரு சீட்டுக் கணக்கு நோட்டு மட்டுமே.

2025 ஜனவரி 16. மகர சங்கராந்தி கழிந்த இரண்டாம் நாள். புனேயின் சிங்கட் சாலையை ஒட்டிய ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில் மஞ்சள் குங்குமம் கொடுக்கும் வைபவம். மகாராஷ்டிரத்தில் சங்கராந்தியில் தொடங்கி ரத சப்தமிவரை சுமங்கலிகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் குங்குமம் இட்டுக்கொண்டு, எள்ளுருண்டையும் ஒரு சிறு பரிசும் வாங்கி வருவது வழக்கம். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் 27 வயதுப் பெண், வந்தவர்களுக்குக் குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினார். சிமிழ் கைநழுவித் தரையில் விழுந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர் அபசகுனம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள். அவர் மட்டும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்தே பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முந்தின வாரம் வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. ஐந்து வயதுப் பையனும் பத்து மாதப் பெண் குழந்தையும் இருக்கும் வீட்டில் இதையெல்லாம் யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்?

மறுநாள் காலை அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. மாலையில் குழந்தையைத் தூக்க முடியவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு ஆண்கள் அவரைக் கீழே இறக்கினார்கள். மூன்றாம் நாள் மூச்சு விடுவதற்கே செயற்கை சுவாசக் கருவி தேவைப்பட்டது.

நோயின் பெயர் கில்லன் பாரே. 1916இல் முதல் உலகப் போரின் நடுவே இரண்டு வீரர்களிடம் இதைக் கண்டு எழுதிய பிரெஞ்சு மருத்துவர்களின் பெயர் அது. ஏதோ ஒரு கிருமியை எதிர்த்துப் புறப்பட்ட உடலின் காவல் படை, கிருமி ஒழிந்த பிறகு ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்கிவிடும். பலவீனம் பெரும்பாலும் காலில் ஆரம்பித்து மேலே ஏறும். சாதாரணமாக ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரும் இந்த நோய், அந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் புனேயிலும் சுற்றுப்புறங்களிலும் 200க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியதாகச் சந்தேகிக்கப்பட்டது. சிலர் இறந்தார்கள். முதல் சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது. புனேயிலேயே இருக்கும் தேசிய நச்சுயிரியல் நிறுவனம் நோயாளிகளின் மல மாதிரிகளைச் சோதித்தபோது சிலவற்றில் கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியாவும் சிலவற்றில் நோரோ வைரஸும் தென்பட்டன.

இந்த நோயின் குரூரம் ஒன்று உண்டு. உடல் முழுவதும் செயலிழந்தாலும் அறிவு தெளிவாகவே இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த அந்தத் தாய்க்கு எல்லாம் கேட்டது. கட்டில் பக்கத்தில் நின்று கணவர் யாரிடமோ கடன் கேட்டுப் போனில் கெஞ்சியதும் கேட்டது.

கேட்ட தொகை சின்னதல்ல. இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்து இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்யும் ரத்தத் திரவத்திலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாட்கள் ஏற்ற வேண்டும். 52 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 104 கிராம். அதாவது 5 கிராம் குப்பிகள் 21. மருந்துக்கு மட்டுமே லட்சக்கணக்கில் ஆகும் என்றது மருத்துவமனை. கணவர் ஒப்பந்த அடிப்படையில் வேன் ஓட்டுபவர். மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்தின் கீழ் ஒரு பகுதி கிடைக்கும் என்றார்கள். ஆனால் ரேஷன் கார்டு சாத்தாரா மாவட்டத்துச் சொந்த ஊரில் இருந்தது. நோய் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் மருந்தால் நல்ல பலன். காகிதம் வரும்வரை நரம்பு காத்திருக்காது.

அந்தக் கட்டடத்துப் பெண்கள் 20 பேர் மாதந்தோறும் ‘பிஷி’ போடுகிறார்கள். நம் ஊர்க் குலுக்கல் சீட்டுதான். தலைக்கு 2,000 ரூபாய்; குலுக்கலில் பெயர் வந்தவருக்கு 40,000. கணக்கு எழுதுபவர் தரைத்தளத்தில் தனியாக வசிக்கும் 66 வயது விதவை. கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடம் முழுவதற்கும் அவர் ‘காகு’, அதாவது சித்தி.

ஜனவரி மாதச் சீட்டு மூன்றாம் மாடியில் தையல் வேலை செய்யும் பெண்ணுக்கு விழுந்திருந்தது. துணி ஓரம் அடிக்கும் பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்றுக்கு அவர் முன்பணம் கொடுத்து வைத்திருந்தார். 19ஆம் தேதி இரவு காகு வீட்டில் எல்லோரும் கூடியபோது அவர்தான் முதலில் பேசினார். “என் முறையை வஹினிக்கு மாற்றி எழுதிவிடுங்கள்.” வஹினி என்றால் அண்ணி. “மெஷின் எங்கேயும் ஓடிவிடாது.”

காகு நோட்டைத் திறந்து, ஜனவரிக்கு எதிரே இருந்த பெயரை அடித்துவிட்டு இரண்டாம் மாடிப் பெண்ணின் பெயரை எழுதினார். கணவர் தயங்கினார். “இதை நான் எப்போது திருப்பித் தருவது?” காகு நிமிர்ந்து பார்த்தார். “இதில் திருப்பித் தர என்ன இருக்கிறது? அவளும் மூன்று வருஷமாகப் பணம் கட்டுகிறாள். எப்படியும் ஒரு மாதம் அவள் பெயர் வந்துதானே ஆக வேண்டும்? முன்னால் வந்துவிட்டது. அவ்வளவுதான்.”

அந்த 40,000 ரூபாயோடு கட்டடத்து வீடுகள் கொடுத்தது, வேன் முதலாளி கொடுத்த முன்பணம், அடகு வைத்த வளையல்கள் எல்லாம் சேர்ந்தபோது மருந்தைத் தொடங்க முடிந்தது. ஆனால் எல்லாமே இவ்வளவு சுமுகமாக நடந்துவிடவில்லை. உறவினர் ஒருவர், தொண்டையில் குழாய் செருகிய நிலையில் அந்தப் பெண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றார். படம் இருந்தால்தான் ஜனங்கள் மனம் இளகும், பணம் கொட்டும் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காகு மறுத்துவிட்டார். “நாளை அவள் எழுந்து வந்து அந்தப் படத்தைப் பார்ப்பாள். காய்கறிக்காரனும் பார்த்திருப்பான். அவள் எப்படித் தெருவில் நடப்பாள்?” படம் இல்லாமல், மருத்துவமனையின் கணக்கு எண்ணோடு நான்கு வரிச் செய்தி மட்டும் போயிற்று. வந்த பணம் குறைவுதான். அதற்காக யாரும் பிறகு வருத்தப்படவில்லை.

பயம் வேறொரு பக்கம். பத்திரிகைகளில் நோயாளிகளின் எண்ணிக்கை தினமும் ஏற, அந்த வீட்டுப் பையனோடு தங்கள் பிள்ளைகளை விளையாட விடாமல் சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கில்லன் பாரே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஓர் இளம் டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து இதை விளக்கிச் சொன்னார். “பயப்பட வேண்டியது பையனைப் பார்த்து அல்ல. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.” அன்று மாலை தொட்டி கழுவப்பட்டது. மறுநாள் பையன் மறுபடியும் கிரிக்கெட் விளையாடினான்.

சுவாசக் கருவியில் 19 நாட்கள். கண் இமையை ஒரு முறை மூடினால் ஆமாம், இரு முறை மூடினால் இல்லை. குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள் என்பதால், பத்து மாதக் குழந்தையின் மழலையைப் போனில் பதிவு செய்து கணவர் தினமும் காதருகே வைத்தார். பால் குடித்துப் பழகிய குழந்தை புட்டியை உதறித் தள்ளியது. மூன்றாம் மாடித் தையல்காரப் பெண்தான் கிண்ணத்திலிருந்து கரண்டியால் புகட்டிப் பழக்கினார்.

மார்ச் நடுவில், ஹோலி முடிந்து, அவர் வீட்டுக்கு வந்தார். அதே பிளாஸ்டிக் நாற்காலி. தூக்கியவர்களும் அதே நால்வர். கட்டடமே கைதட்டியது. ‘நல்லபடியாக வந்துவிட்டாள்’ என்று எல்லோரும் நிம்மதியாக அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

உண்மையான கஷ்டம் அப்போதுதான் தொடங்கியது. இந்த நோயிலிருந்து பத்தில் எட்டுப் பேர் ஆறு மாதத்துக்குள் தாங்களாகவே நடக்கிறார்கள். ஆனால் சேதமடைந்த நரம்பிழை மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதுவரை அவரை இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண். கை கால்களை அசைத்துவிட வேண்டும். கணவர் வேனை எடுத்தாக வேண்டும். ஊரிலிருந்து வந்த மாமியாருக்கு முழங்கால் வலி. மருமகளைத் தூக்க முடியாது. முதல் வாரத்தில் தினமும் மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்து வீணாயிற்று. நான்காம் வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே வரவில்லை. “ஏதாவது வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள்” என்று எல்லோரும் மனதார்ந்துதான் சொன்னார்கள். அந்த வீட்டில் யாரும் எதையும் சொல்லவில்லை. ‘என்னைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்’ என்று 27 வயதுப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

‘கேட்ச்-22’ நாவலாசிரியர் ஜோசஃப் ஹெல்லருக்கு 1981இல் இதே நோய் வந்தது. பெரிய நட்பு வட்டம் உள்ள மனிதர். ஆனால் அவரைத் தாங்கிப் பிடித்தது ஸ்பீட் வோகல் என்ற நண்பர். ஹெல்லரின் வீட்டிலேயே குடியேறி, கடிதங்களைப் பார்த்து, வரவு செலவைக் கவனித்து, ஒரு குடும்பத்தையே நடத்தினார். 1986இல் இருவரும் சேர்ந்து அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்கள். நியூயார்க்கில் ஒரு நண்பர் செய்ததைச் சிங்கட் சாலையில் யாராலும் தனியாகச் செய்ய முடியாது. அவரவருக்கு வேலை, பிள்ளைகள், மாமியார் இருக்கிறார்கள்.

காகு மறுபடியும் பிஷி நோட்டைத்தான் எடுத்தார். பின்பக்கத்தில் கட்டம் போட்டார். ஏழு நாட்கள், ஆறு வேளைகள். ‘உதவி’ என்ற தலைப்பை எழுதவில்லை. ‘முறை’ என்று எழுதினார். செவ்வாய் 4 மணி முதல் 5 மணிவரை குழந்தையை மாடிக்குத் தூக்கிப்போவது ஒருவர். வியாழன் இரவுச் சப்பாத்தி இன்னொருவர். காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் திருப்பிப் படுக்க வைக்க இருவர் இருவராக. 20 பெயர்களோடு தொடங்கிய பட்டியல் மே மாதத்தில் ஒன்பதாகச் சுருங்கியது. விலகியவர்கள்மேல் காகுவுக்குக் கோபம் இல்லை. “ஒரு மணி நேரம்தான் முடியும் என்று சொல்பவள் வந்துவிடுவாள். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பவள்தான் வர மாட்டாள்” என்கிறார்.

பட்டியலில் ஒரு கட்டம் மட்டும் வித்தியாசமானது. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு எதிரே நோயாளியின் பெயரே இருந்தது. தையல்காரப் பெண்ணின் மகளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவர் முறை. கை அசையாவிட்டாலும் வாய் பேசுமே! முதல் சனிக்கிழமை பாடம் முடிந்ததும், வீட்டுக்கு வந்த பிறகு முதன்முறையாக அவர் அழுதார் என்கிறார் மாமியார். அதுவரை வாங்கிக்கொண்டே இருந்தவருக்கு அன்றுதான் கொடுக்க ஏதோ ஒன்று இருந்தது.

ஆகஸ்ட் 27 அன்று பிள்ளையார் சதுர்த்தி. மராட்டிய மோதகத்துக்கு அரிசி மாவை வட்டமாகத் தட்டி, பூரணம் வைத்து, விளிம்பை விரல் நுனிகளால் மடிப்பு மடிப்பாகக் கிள்ளி மேலே குவிக்க வேண்டும். விரல்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் மாவைக் கிள்ளுவதுதான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் காகுவின் சமையலறையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் நான்கு மோதகம். ஒன்றில்கூட மடிப்பு ஒழுங்காக இல்லை. காகு அந்த நான்கையும்தான் நைவேத்தியத் தட்டில் முன்னால் வைத்தார்.

செப்டம்பர் மாதச் சீட்டுக்குக் குலுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். டப்பாவிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிரித்துப் பார்த்தார். மூன்றாம் மாடிப் பெயர்.

ஓவர்லாக் மெஷின் இப்போது மூன்றாம் மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிஷி நோட்டில் அந்தப் பக்கத்தை ஒட்டி ஒரு புதிய கட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டடத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் நெருங்குகிறது. திங்கட்கிழமை மாலைக்கு எதிரே இரண்டாம் மாடிப் பெண்ணின் பெயர், அவருடைய கையெழுத்திலேயே, கொஞ்சம் கோணலாக.