விண்வெளியில் ஒரு கன்னியாஸ்திரி

“ஞாயிறு தவறாம பூசைக்குப் போறீங்க. அப்புறம் எப்படி ரோபோ கதையெல்லாம் எழுதுறீங்க?” என்று கேட்காதவர்கள் குறைவு. விஞ்ஞானமும் விசுவாசமும் மாமியார் மருமகள் மாதிரி, ஒரே சமையலறையில் நிற்க முடியாது என்பது அவர்கள் நினைப்பு. சிறுகதைக்காரனுக்கு அந்தச் சமையலறைதானே வேண்டும்!

எங்கள் பங்கில் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் கதைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பத்தில் ஏழு ஒரே கதை. விண்கலம் பழுதாகும், பிராணவாயு தீரப்போகும், நாயகன் முழந்தாளிட்டு ஜெபிப்பான், இன்ஜின் உயிர்பெறும். ஜெபத்தில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் அதை ஸ்பேனர் மாதிரி பயன்படுத்தினால் கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கேட்ட வேண்டுதல் நிறைவேறவில்லையே! அதற்குப் பிறகுதானே எல்லாம் நடக்கிறது. அதனால், ‘பதில் இல்லை என்றால் இந்த ஆள் என்ன செய்வான்?’ என்று எழுதிப் பார்க்கச் சொல்வேன்.

ஆந்தனி பௌச்சர் என்ற அமெரிக்கக் கத்தோலிக்க எழுத்தாளர் 1951-ல் எழுதிய ‘தி குவெஸ்ட் ஃபார் செயின்ட் அக்வின்’ இதற்கு நல்ல பாடம். திருச்சபை தலைமறைவாக இயங்கும் எதிர்காலம். அழியாத உடலோடு இருக்கும் ஒரு புனிதரைத் தேடி, ரோபோ கழுதை மேல் ஏறிப் போகிறார் ஒரு குரு. கண்டுபிடித்தும் விடுகிறார். ஆனால் அந்தப் புனிதரே ஒரு ரோபோ! உண்மையை மறைத்தால் மக்கள் கூட்டம் கூட்டமாக மனம் திரும்புவார்கள் என்று கழுதை ஆசை காட்டுகிறது. பொய்யின் மேல் விசுவாசத்தைக் கட்ட அவர் மறுக்கிறார். இங்கே எந்த இன்ஜினும் பழுதாகவில்லை, பாருங்கள். ஒரு மனிதரின் மனச்சாட்சிதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்று ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி ஸ்டார்’, 1955-ல் வந்தது. கிளார்க் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனாலும் விசுவாசியை இப்படி உலுக்கிய கதை வேறெதையும் நான் படித்ததில்லை. இயேசு சபைக் குரு ஒருவர், வானியலாளர். வெடித்து அழிந்த ஒரு நட்சத்திரத்தை ஆராய்கிறார். அதோடு சேர்ந்து கருகிப்போன ஒரு நல்ல இனத்தின் நினைவுச்சின்னங்கள் கிடைக்கின்றன. கடற்கரையில் குழந்தைகள் அலையில் விளையாடும் காட்சி ஒன்றும் அதில் உண்டு. வெடிப்பின் ஒளி பூமிக்கு வந்த காலத்தைக் கணக்கிடுகிறார். பெத்லகேமுக்கு மேலே நின்ற அதே நட்சத்திரம்!

அந்தக் கடற்கரைக் குழந்தைகளை என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் சித்தி வேளாங்கண்ணிக்குத் தனியாகப் போயிருந்தார். அன்று காலை கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கடற்கரையில் நின்றவர்களைச் சுனாமி கொண்டுபோனது. சித்தி கரையில் நின்றிருக்கிறார். பிழைத்தவர்கள் ‘மாதா காப்பாத்தினா’ என்று சொல்லும்போதெல்லாம் அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுவார். (இலங்கையில் கிளார்க் நடத்திவந்த முக்குளிப்பு நிலையத்தையும் அதே அலைதான் அழித்தது.)

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதை இதிலிருந்து வந்ததுதான். அபிஜித் நட்சத்திரம், வேகா என்பார்கள், சுமார் 25 ஒளியாண்டு தொலைவு. அன்று காலை பூமியிலிருந்து கிளம்பிய வெளிச்சம் 2030 பிறக்கிற சமயத்தில் அங்கே போய்ச் சேரும். அங்கே ஒரு கன்னியாஸ்திரி, பெரிய தொலைநோக்கியோடு. எப்படிப் போனார் என்று கேட்காதீர்கள், அந்த அளவு கடன் கதைக்காரனுக்குத் தரலாம். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். கத்தினாலும் யாருக்கும் கேட்காது, எல்லாம் முடிந்து 25 வருஷம் ஆகிவிட்டது. பார்ப்பாரா, கண்ணை மூடிக்கொள்வாரா?

மூடிக்கொள்வதாகத்தான் முதலில் எழுதினேன். கருணையான முடிவு என்று நினைப்பு. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “அவங்க பார்க்கட்டும்டா. யாரும் பார்க்காமப் போயிட்டாளேன்னுதான் எனக்கு இத்தனை வருஷமும்.”

முடிவை மாற்றிக்கொண்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்ததில், அன்று காலை 9 மணிக்கு அபிஜித் வேளாங்கண்ணியின் வடகிழக்கு வானில் நன்றாகவே மேலே ஏறியிருந்திருக்கிறது. பகல் என்பதால் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. இனி மேகம் இருந்ததா என்று மட்டும் விசாரிக்க வேண்டும்.