பால் குடுக்கலாமாண்ணே?

மருந்துக்கடை கவுன்ட்டருக்கு உள்பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும், ஜனங்கள் கேட்கிற கேள்விகளில் பாதிக்குப் பதிலே தேவையில்லை என்று. "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள் பைக்கை உதைத்துக் கிளப்பியிருப்பார்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் வேறு ஜாதி. கேட்கிறவர் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நிற்பார். இடுப்பில் பிள்ளை இருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "அண்ணே, இந்த மாத்திரை போட்டா புள்ளைக்குப் பால் குடுக்கலாமாண்ணே?"

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். வயலும் வாய்க்காலும் வெறுங்காலுமாகப் புழங்குகிற பூமி. ஆகவே, இந்தக் கேள்வி அதிகமும் மூன்று வியாதிகளை ஒட்டித்தான் வரும். வயிற்றில் பூச்சி, சீதபேதி, சிரங்கு. மூன்றுக்கும் காரணம், நம் உடம்பில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற ஜீவராசிகள். ஒட்டுண்ணிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும்.

பால் கொடுக்கிற பெண்ணுக்கு மருந்துச் சீட்டு வந்ததும் வீட்டில் இரண்டு தீர்ப்புகள்தான் உண்டு. ஒன்று, பாலை நிறுத்து. இல்லாவிட்டால், மருந்தை நிறுத்து. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதல் பெண்ணுக்கு அமீபா சீதபேதி. டாக்டர் எழுதியது மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். பாலைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டார், "ஐயையோ, பாலுல எறங்கிடும்டீ!" பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். ஏழு நாளும் பசும்பாலில் தண்ணீர் கலந்து புட்டியில் கொடுத்திருக்கிறார்கள். மருந்து எங்கள் கடையில் வாங்கியதல்ல. எட்டாம் நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று உப்புக் கரைசல் பாக்கெட் வாங்க வந்தபோதுதான் கதை தெரிந்தது. "இப்ப வெச்சா குடிக்க மாட்டேங்குதுண்ணே. எனக்கும் வத்திப் போச்சு" என்றாள். அவளுக்குச் சீதபேதி சரியாகிவிட்டிருந்தது. அவளிடமிருந்த வியாதி போய், பிள்ளைக்குப் புதிதாக ஒன்று வந்திருந்தது.

இரண்டாவது பெண்ணுக்குக் கொக்கிப்புழு. முகம் சாம்பல் பூத்தாற்போல இருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். எட்டு மாதம் கழித்து இரும்புச்சத்து மாத்திரைக்கு வந்தபோது, "பூச்சி மாத்திரை போட்டியாம்மா?" என்றேன். "அஞ்சறைப் பெட்டில வெச்சிருக்கேண்ணே. புள்ள பால் மறக்கட்டும்னு..." சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் நடுவே ஒரு மாத்திரை! எட்டு மாதமும் அவள் இரும்பை விழுங்கிக்கொண்டே இருந்தாள், புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது.

கொக்கிப்புழுவின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு புழுவால், அதன் வகையைப் பொறுத்து, ஒரு நாளில் 0.03 மில்லி லிட்டரிலிருந்து 0.15 மில்லி லிட்டருக்கு மேலும் ரத்தம் போகும். அந்தப் பெரிய வகைப் புழு நூறு இருந்தால் மாதத்துக்கு 450 மில்லி. ரத்த தானம் செய்கிறவர்கூட மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் ஒரு பை கொடுக்கிறார்! தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அத்தனைக்கும் புழுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால், பிரசவத்தில் ரத்தம் இழந்து, பாலும் கொடுத்துக்கொண்டிருக்கிற உடம்பிலிருந்து இன்னொருவர் தினமும் உறிஞ்சினால் அது எப்படித் தாங்கும், நீங்களே சொல்லுங்கள்.

சரி, அந்த அக்கா சொன்னது பொய்யா? இல்லை. தாய் சாப்பிடுகிற மருந்தில் பெரும்பாலானவை பாலில் இறங்கத்தான் செய்யும். நம் பாட்டிமார்களுக்கே தெரிந்த விஷயம் இது. அதனால்தான் பிள்ளைக்கு வயிறு சரியில்லையென்றால் தாயைப் பத்தியம் இருக்கச் சொன்னார்கள். ஆனால், "இறங்குமா?" என்று கேட்டு நிறுத்திவிட்டால் போதாது. "எவ்வளவு இறங்கும்?" என்று கேட்க வேண்டும். கிலோ எடைக்குத் தாய் சாப்பிடும் அளவில் பத்து சதவிகிதத்துக்குக் கீழே பிள்ளைக்குப் போனால், பெரும்பாலான மருந்துகளில் பயமில்லை என்பது டாக்டர்கள் வைத்திருக்கிற பொதுவான அளவுகோல்.

பூச்சி மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. அதற்கு வேலையே குடலுக்குள்தான். ரத்தத்தில் சேர்வது ஐந்து சதவிகிதத்துக்கும் குறைவு. ரத்தத்திலேயே ஏறாதது பாலில் எங்கிருந்து வரும்? 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பால் கொடுக்கும் 33 தாய்மார்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்து, பாலை எடுத்துச் சோதித்தார்கள். இருந்தது மிகக் கொஞ்சம், குழந்தையைப் பாதிக்கும் அளவு அல்ல என்றுதான் முடிவு வந்தது. மெபெண்டசோலும் அதேபோல உடம்பில் அதிகம் ஏறாத மருந்துதான்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். "அப்புறம் ஏன் சார் அரசாங்க முகாம்ல பால் குடுக்கறவங்களுக்குத் தர்றதில்லை?" நியாயமான கேள்வி. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-ல் தொடங்கியது. 1 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கானது. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள், 'கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் நீங்கலாக' என்ற வாசகத்தோடு. உலக சுகாதார நிறுவனமோ பால் கொடுப்பவர்களுக்கும் தரலாம் என்கிறது. என்னைக் கேட்டால், வரிசையில் நிற்கிற ஆயிரம் பேரிடம் தனித்தனியாக விசாரிக்க முடியாத முகாமுக்கு ஏற்ற ஜாக்கிரதை அது. மாத்திரையை விஷம் என்று சொல்கிற வாசகம் அல்ல. ஆனால், கிராமத்தில் அதை அப்படித்தான் படிக்கிறார்கள். முகாமில் விட்டுப்போனவர் டாக்டரிடம் போய்த் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று அதே நோட்டீஸில் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 'பாலூட்டும் தாய்மார்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை' என்று இருக்கும். பல சமயம் அதற்கு அர்த்தம், கெடுதல் என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதல்ல. பால் கொடுக்கும் பெண்களை வைத்துச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான்.

அடுத்தது மெட்ரோனிடசோல். இது நன்றாகவே பாலில் இறங்கும். ரத்தத்தில் எவ்வளவோ, கிட்டத்தட்ட பாலிலும் அவ்வளவு. மேலே சொன்ன பத்து சதவிகிதத்தைத் தாண்டியும் போகும். ஆனாலும் கணக்கு முடியவில்லை, பொறுங்கள். 400 மில்லிகிராம் மூன்று வேளை சாப்பிடுகிற தாயின் பால் வழியாகப் பிள்ளைக்கு ஒரு நாளில் போவது, கிலோ எடைக்கு 3 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே பிள்ளைக்கு அமீபா வந்தால் டாக்டர் நேராகவே கொடுப்பது கிலோவுக்கு 35 முதல் 50 மில்லிகிராம்! அதனால்தான் இந்த அளவுக்குப் பாலை நிறுத்தச் சொல்வதில்லை. பால் கொஞ்சம் கசப்பதால் பிள்ளை முகத்தைச் சுளிக்கலாம். மலம் சற்று இளகலாம், நாக்கில் வெள்ளை படியலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதே மருந்தை ஒரே வேளையில் 2 கிராமாகக் கொடுக்கிற சிகிச்சையும் உண்டு. அப்போது மட்டும் 12 முதல் 24 மணி நேரம் பாலை நிறுத்தி வைக்கச் சில டாக்டர்கள் சொல்வார்கள். அதன் தம்பி டினிடசோல் உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்குவது. அதற்கு மூன்று நாள் இடைவெளி சொல்வார்கள். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று ஒரே சட்டத்தை எல்லாவற்றுக்கும் போடக் கூடாது. டினிடசோல் எழுதியிருந்து, கையில் சின்னக் குழந்தை இருந்தால் நான் போனை எடுத்துவிடுவேன். "டாக்டர், ரெண்டு மாசப் புள்ள இருக்கு" என்று சொன்னால் போதும், எனக்குத் தெரிந்த டாக்டர்கள் கோபப்பட்டதில்லை, மருந்தை மாற்றித் தந்திருக்கிறார்கள்.

நிறுத்தியே ஆக வேண்டிய அந்த நேரத்தில் வேளா வேளைக்குப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். மருந்தை வெளியேற்றுவதற்காக அல்ல. ரத்தத்தில் மருந்து குறையக் குறையப் பாலிலும் தானாகவே குறைந்துவிடும். பீய்ச்சுவது, மார்பு கட்டிக்கொள்ளாமல் இருக்கவும், பால் வற்றாமல் இருக்கவும். எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். முன்கூட்டியே தெரிந்தால், முந்தின நாளே கொஞ்சம் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துப் பாலாடையில் புகட்டலாம். முதலில் சொன்ன பெண்ணுக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போனது.

சிரங்குக்கு வருவோம். பெர்மெத்ரின் 5 சதவிகித க்ரீம். தோல் வழியாக உள்ளே போவது இரண்டு சதவிகிதத்துக்கும் கீழே. ராத்திரி கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூசிக் காலையில் குளிப்பார்கள். மார்பில் பூசியிருந்தால் பால் கொடுக்கும் முன் துடைத்துக் கழுவிவிட்டு, கொடுத்தபின் மறுபடி பூசிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசிக்கொள்ளாவிட்டால் என்ன க்ரீம் போட்டும் பிரயோஜனமில்லை. பிள்ளைக்கு இரண்டு மாதம் முடியவில்லையென்றால் அதற்கு எதைப் பூசுவது என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

நிஜமாகவே நின்று யோசிக்க வேண்டிய மருந்துகளும் இருக்கின்றன. மலேரியாவில் ஒரு வகைக்கு 14 நாள் கொடுக்கிற பிரைமாகுவின் அதில் ஒன்று. சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அவர்கள் உடம்பில் இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். தாய்க்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் அந்தக் குறை இருக்கிறதா என்று டாக்டர் ரத்தம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதேபோல, நாடாப்புழுவின் கட்டி மூளையில் இருந்தால் அதே அல்பெண்டசோலை வாரக்கணக்கில் தருவார்கள். அந்தக் கணக்கு வேறு. ஒற்றை மாத்திரைக்கு நான் சொன்னதை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

அதனால் டாக்டரிடமோ, கடையிலோ, கைக்குழந்தை இருக்கிறது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கூடவே வயதையும் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்ததா, ஒரு மாதம் ஆகவில்லையா என்பதெல்லாம் பதிலை மாற்றும். பச்சைக் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். சோறு தின்னத் தொடங்கிய ஒரு வயதுப் பிள்ளை குடிக்கிற பாலே கொஞ்சம்தான். மாத்திரையைப் பால் கொடுத்து முடித்த கையோடு போட்டுக்கொண்டால், பல மருந்துகளில் அடுத்த வேளைப் பாலில் அளவு இன்னும் குறையும்.

மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெற்ற உடம்புக்கென்று தசமூலாரிஷ்டம் கொடுப்பீர்கள். கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், அரிஷ்டம் என்பது நொதிக்க வைத்துச் செய்கிற மருந்து. அதில் கொஞ்சம் ஆல்கஹால் தானாகவே உண்டாகியிருக்கும். மெட்ரோனிடசோல், டினிடசோல் சாப்பிடுகிற நாட்களில் ஆல்கஹால் கூடாது, சிலருக்குக் குமட்டலும் படபடப்பும் வரும் என்று எச்சரிக்கை இருக்கிறது. ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "என்ன தம்பி, சாராயம்ங்கிறீங்க!" என்று அடிக்காத குறை. பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். மாத்திரை முடிந்து மூன்று நாள் கழித்து ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அதுவரைக்கும் பூண்டுக் குழம்பு குடுக்கலாமில்ல?" என்றார். தாராளமாக!