தக்காளிக்குக் கணக்கு உண்டு... மூணு நம்பருக்கு?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டு போகிறவர்களுக்குத் தெரியும், இங்கிருந்து முருங்கையும் தக்காளியும் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகின்றன. அங்கிருந்து தினமும் மதியம் மூன்று மணிக்கு மேல் இங்கே வருவது ஒரு நம்பர். திருவனந்தபுரத்தில் கேரள அரசு லாட்டரியைக் குலுக்கி முடித்ததும், முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிடும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரி விற்பனைக்குத் தடை போட்டாயிற்று. ஆனாலும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும், இப்போது வாட்ஸ்அப்பில் நம்பர் அனுப்புவதும் நின்றபாடில்லை. இதில் விற்கப்படுவது கேரள அரசின் டிக்கெட்டும் இல்லை. முடிவை மட்டும் அங்கிருந்து இரவல் வாங்கி இங்கே நடக்கிற சூதாட்டம்.

என் சித்தப்பா மகன் என்னைவிட எட்டு வயது இளையவன். இரண்டு ஏக்கரில் முருங்கை, ஊடே தக்காளி, இரண்டு கறவை மாடு. அவனிடம் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. மூன்று வருட ரிசல்ட், தேதி வாரியாக. செவ்வாய்க்கிழமைக்குச் சிவப்பு மை, அமாவாசைக்குச் சுற்றி ஒரு வட்டம். முதல் இலக்கம் ஏ போர்டு, நடு இலக்கம் பி போர்டு, கடைசி இலக்கம் சி போர்டு என்று தனித்தனிக் கட்டம். நேற்றைய எண்ணைக் கூட்டுவான், திருப்பிப் போடுவான், போன வருடம் இதே தேதிக்கு வந்ததைக் கழிப்பான். “அண்ணே, சி போர்டுல 7 வந்து இருபது நாளாச்சு. இந்த வாரம் வந்தே தீரணும்” என்பான்.

அவனை விவரம் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் தக்காளி இலையில் வெள்ளைத் திட்டைப் பார்த்ததுமே ஊசிப்புழு என்று முதலில் சொன்னவன் அவன்தான். நான் கவனித்தவரை, இந்த நோட்டு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் நல்ல விவசாயிகள். எதையும் உற்றுப் பார்த்து, குறித்து வைத்து, முன்கூட்டியே கணிக்கிற பழக்கம் உள்ளவர்கள். காட்டில் அந்தப் பழக்கம்தான் சோறு போடுகிறது. தக்காளி விலை ஏறினால் ஊரே நாற்று நடும்; இரண்டு மாதம் கழித்து எல்லோர் பழமும் ஒன்றாக வந்து விலை சரியும். ஈசல் கிளம்புவதற்கு ஈரம் காரணம். பார்க்கிற கண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. குலுக்கலில் அது இல்லை. நேற்று 7 வரவில்லை என்பது சுழலுகிற சக்கரத்துக்குத் தெரியாது. இன்றைக்கும் அதற்குப் பத்தில் ஒரு வாய்ப்புதான்.

கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் என் மகள் போன விடுமுறையில் ஒரு வேலை செய்தாள். 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்து எழுதி, மறுபடி உள்ளே போட்டு, இப்படியே தொண்ணூறு மூன்று இலக்க எண்களைத் தயார் செய்தாள். கை வலிக்கிறது என்று பாதியில் என்னை உட்கார வைத்துவிட்டாள், அது வேறு. அந்தத் தாளைச் சித்தப்பாவிடம் கொடுத்து, “இது வேற சீட்டு, பாருங்க” என்றாள். அரை மணி நேரத்தில் அவன் மூன்று ‘வழி’ கண்டுபிடித்துவிட்டான். ஐந்து நாளைக்கு ஒருமுறை 4 வருகிறதாம். இரட்டை எண்ணுக்கு அடுத்து 9 இழுக்கிறதாம். சொம்பைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சொம்புலயும் ஒரு கணக்கு இருக்கும் போலண்ணே” என்றான். மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவள் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதக் காரணம், இதே நோட்டு இதை வாசிக்கிற சில வீடுகளிலும் இருக்கும் என்பதால்தான். ஒரு போர்டில் தொடர்ந்து இருபது நாளை எடுத்துக்கொண்டால், பத்து இலக்கத்தில் ஏதாவது ஒன்றாவது தலைகாட்டாமல் போவது 100-க்கு 78 தடவை நடக்கும். ஆக ‘இருபது நாளாக வராத இலக்கம்’ அதிசயமே இல்லை, ஏறக்குறைய எப்போதும் ஒன்று கையில் இருக்கும். நேற்றைய இலக்கமே இன்றும் வருவது, 100 நாளில் சுமார் பத்து முறை. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். மூன்று வருடம் தினமும் குலுக்கினாலும் அவற்றில் சுமார் 330 எண்கள் ஒருமுறைகூட வந்திருக்காது. என் தம்பி அவற்றைத்தான் ‘பாக்கி எண்’ என்று கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். யார் யாருக்குப் பாக்கி?

எங்கள் பக்கம் ஒற்றை இலக்கத்துக்கு 12 ரூபாய் வாங்கிக்கொண்டு, பொருந்தினால் 100 ரூபாய் தருகிறார்கள். பத்து இலக்கத்தையும் வாங்கிப் பாருங்கள். 120 ரூபாய் போகும், 100 ரூபாய் வரும். எந்த வழியில் இலக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சராசரி இதேதான், 12 கொடுத்தால் 10 திரும்பும். மூன்று இலக்கச் சீட்டுக்கும், ஆயிரம் எண்ணையும் வாங்க எவ்வளவு ஆகும், வந்தால் எவ்வளவு என்று உங்கள் ஊர் விலையில் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, லாட்டரி நடத்துகிற மாநிலங்களே ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு தரக் கூடாது என்று மத்திய அரசின் 1998-ம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது.

ஐப்பசியில் ஒரு மாடு சந்தைக்குப் போனது. தீவனச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று தம்பி சொன்னான். அவன் சம்சாரம் என்னிடம் வந்து, “மாமா, தீவனக் கடைக்குப் பாக்கியே இல்ல. நம்பர் எழுதுறவருக்குத்தான் பாக்கி” என்றாள். அவனிடம் சத்தம் போட்டுப் பிரயோஜனம் இருக்காது என்று தோன்றியது. சத்தம் போட்டால் நோட்டு மறைவிடத்துக்குப் போகும், அவ்வளவுதான். அவளையே பால் சொசைட்டிக்கு அழைத்துப் போய், இருக்கிற ஒரு மாட்டின் பால் பணம் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிற மாதிரி மாற்றச் சொன்னோம். கையெழுத்துப் போடத் தம்பியும் வந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். வரும் வழியில், “எனக்கும் அதான் நல்லதுன்னு படுதுண்ணே” என்றான்.

நோட்டு இன்னும் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் எழுதுகிறான். நடுவில் இரண்டு பக்கத்தில் இந்த முறை தக்காளிப் பெட்டி விலையும் தேதி வாரியாக ஏறியிருப்பதைப் பார்த்தேன். அதற்கும் செவ்வாய்க்கிழமை சிவப்பு மைதான்.