வங்காளத்திலிருந்து ஒரு மெக்சிகோ

கடற்கரை, பழைய இடிபாடு, மெக்சிகோ பண்பாடு, மூன்றும் ஒரே விடுமுறையில் வேண்டும் என்பவர்கள் மெக்சிகோவின் துலும் நகருக்குப் போகும் செலவைப் பார்த்ததும் மலைத்துப்போகிறார்கள்.

கொல்கத்தாக்காரர்களுக்குப் பாதி பக்கத்திலேயே இருக்கிறது. குளிக்க திகா. இடிபாட்டுக்கு சந்திரகேதுகர், 1950களில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகம் அகழ்ந்த இடம். கொண்டை நிறைய ஊசி செருகிய சுடுமண் பெண்ணுருவங்களுக்குப் பேர்போனது.

மெக்சிகோ? அதற்கும் ஆள் உண்டு. 24 பர்கானாவில் பிறந்த நரேந்திரநாத் பட்டாச்சார்யா, எம்.என்.ராய் என்ற பெயரோடு 1917-இல் அங்கே போனார். ஸ்பானிஷ் கற்றார், 1919-இல் அந்நாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி உருவாக முன்னின்றார். மெக்சிகோ நகரில் அவர் வாழ்ந்த வீட்டில், பின்னாளில் அவர் பெயரிலேயே இரவு விடுதி திறந்தார்கள் (தோழர்கள் மன்னிக்க).

திகாவில் சனி, ஞாயிறு கூட்டம் நெரியும். வார நாளில் போங்கள்.