வாய்தா கேட்க அஞ்சாதிருங்கள்

பிழைப்பைத் தேடி வேற்று பாஷை வழங்கும் பட்டணங்களுக்கு வந்த நமக்கு நீதிமன்றம் என்ற வார்த்தையே கலக்கத்தை உண்டாக்குகிறது. சாலை விதியை மீறியதாக வந்த சலான் ஒன்று நீதிமன்றம் வரை போய், ஆஜராக வேண்டிய நாளில் நம்மால் போகக்கூடாமற்போனால் என்ன செய்வது? பலர் மௌனமாய் இருந்துவிடுகிறார்கள். அதுவே ஆபத்து.

டில்லியில் எங்கள் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறார். சிவப்பு விளக்கைத் தாண்டியதாக அவருக்குச் சலான் வந்தது. படத்திலிருந்த வண்டியோ அவருடையதன்று. எண்ணில் ஓர் இலக்கம் வேறாயிருந்தது. டில்லியில் 2019-இல் தொடங்கிய இணையவழி நீதிமன்றத்தில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் அபராதத்தைச் செலுத்தி முடித்துக்கொள்ளலாம். மறுக்கிறவர்களின் வழக்கு நேரடி நீதிமன்றத்துக்குப் போகும். அவர் மறுத்தார். விசாரணைக்குக் குறிக்கப்பட்ட நாளிலேயே, திருநெல்வேலியில் அவருடைய தாயாருக்கு இருதய அறுவைச் சிகிச்சை.

"பாஸ்டர், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிடட்டுமா? அம்மாவைத் தனியே விட முடியாதே" என்று கண்கலங்கினார். போகாமலே இருந்துவிடும்படி ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அவருக்கே காய்ச்சல் என்று பொய்ச் சான்றிதழ் வாங்கித் தர மற்றொருவர் ஆயத்தமாயிருந்தார்.

"தம்பி, மெய்யான காரணம் கையிலிருக்கப் பொய் எதற்கு?" என்றேன்.

இருவரும் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்துக்குச் சென்றோம். பெண்களும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களும் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்திருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அதைக் கேட்கலாம். அங்கே கிடைத்த வழக்கறிஞர் ஒரே பக்கத்தில் மனு எழுதினார்: வழக்கு எண், வண்டி எண், குறித்த நாள், வர இயலாத காரணம், வேறு நாள் தரும்படி விண்ணப்பம். மருத்துவமனைக் கடிதமும் ரயில் பயணச்சீட்டின் நகலும் அதனுடன் சேர்க்கப்பட்டன.

குறித்த நாளில் வழக்கறிஞர் ஆஜராகி மனுவைக் கொடுத்தார். நீதிபதி கடிதத்தைப் பார்த்து, மூன்று வாரம் கழித்து வாய்தா கொடுத்தார். அந்நேரத்தில் சகோதரர் தாயின் கட்டிலருகே இருந்தார். பின்பு திரும்பி வந்து, நேரில் ஆஜராகித் தம் வழக்கைச் சொன்னார்.

அன்பானவர்களே, இரண்டு காரியங்களை மனதில் வையுங்கள். முதலாவது, மனு கொடுத்ததினால் மட்டும் நாள் மாறிவிடுவதில்லை. நீதிபதி உத்தரவிடும்வரை பழைய நாளே நிற்கும். புதிய நாளை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் சரிபாருங்கள். அழைப்பாணை பெற்றும் காரணம் சொல்லாமல் வராதவர்மேல் வாரண்டு பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இரண்டாவது, வாய்தா நம் உரிமை அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆம் பிரிவு, நம் கைக்கு மீறிய சூழ்நிலை இருந்தாலன்றி நாம் கேட்பதற்காக வழக்கைத் தள்ளிவைக்கலாகாது என்கிறது. அப்படித் தள்ளிவைப்பதற்கும் இரண்டு தடவை என்ற எல்லை உண்டு. ஆகையால் சோம்பலுக்காக அதைச் செலவழியாதிருங்கள்.

செய்யாததை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். இல்லாத வியாதியைச் சொல்லவும் வேண்டாம். உண்மையை எழுதி, அத்தாட்சியோடு, நாள் கடந்துபோகுமுன் கேளுங்கள்.