இடம் அறிதல்

பாலாற்றங்கரையில் உள்ள ஆம்பூர் நான் பிறந்த ஊர். இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஊருக்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது தோலின் நெடியே. ஆயினும், அந்த நெடியின் நடுவில்தான் எத்தனையோ குடும்பங்களின் உலை கொதித்தது. எங்கள் வீட்டு உலையும் அவற்றுள் ஒன்று.

என் தந்தையார் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தோல் வெட்டுபவர். விடுமுறை நாள்களில் அவருக்கு உணவு கொண்டு செல்வேன். அவர் தோலை மேசைமீது விரித்து உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது; வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளும் இயல்பினது; முள் கீறிய வடுக்களும் ஆங்காங்கே இருக்கும். இவற்றை அறிந்த பின்னரே, காலணியின் எந்த உறுப்பை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வார்.

நானோ மின்னணுவியல் பயின்று பெங்களூர் சென்றேன். 1985-இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் அந்நகரில் தன் வடிவமைப்பு நிலையத்தைத் தொடங்கியது. பின்னர் அத்தகைய நிறுவனங்கள் பல அங்கு வந்தன. அவற்றுள் ஒன்றில் 2006-இல் பணியில் சேர்ந்தேன்.

கைப்பேசியும் ஒரு வானொலியே. வானொலிப் பெட்டி கேட்க மட்டும் வல்லது. கைப்பேசி கேட்கவும் வல்லது, பேசவும் வல்லது. அக்காலத்துக் கைப்பேசிகள் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்கின. அமெரிக்காவில் 850, 1900 மெகாஹெர்ட்ஸ் வரிசைகள் வழங்கின. ஆம்பூர்க் காலணி எந்நாட்டுத் தெருவிலும் நடப்பதுபோல, ஒரே கைப்பேசி எந்நாட்டிலும் பேச வேண்டும். அதற்கு நான்கு வரிசைகளுக்கும் உரிய வானொலியைச் சுண்டுவிரல் நகத்தினும் சிறிய ஒரே சில்லில் அடக்க வேண்டும். இத்தகைய வானொலிக்கு விலையுயர்ந்த தனி வகைச் சில்லுகளே ஏற்றவை என்று முன்னர்ப் பலர் எண்ணினர். கணிப்பொறிக்குப் பயன்படும் ‘சீமாஸ்’ வகைச் சில்லிலேயே வானொலியை அமைக்கலாம் என்று 1990களில் ஆய்ந்து காட்டியோருள் கலிபோர்னியாப் பேராசிரியர் அசாத் அபிடி முதன்மையானவர்.

நான்கு வரிசைகளுக்கு நான்கு அலையியற்றிகள் வேண்டுவதில்லை. ஏறத்தாழ 3600 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஒன்று போதும். அவ்வதிர்வைப் பாதியாக்கினால் 1800. அதனையும் பாதியாக்கினால் 900. அலையியற்றியின் அதிர்வைச் சற்றே கூட்டியும் குறைத்தும் ஏனைய இரண்டையும் பெறலாம். ஆனால், அதற்குரிய கம்பிச்சுருள் சில்லில் மிகுந்த இடம் கொள்ளும். டிரான்சிஸ்டர்கள் ஆண்டுதோறும் சிறுத்தாலும் சுருள் அவ்வாறு சிறுப்பதில்லை. சில்லின் பரப்போ பொன்னினும் அரியது. ஆகவே, அச்சுருளை ஒலிபரப்பும் பகுதியின் சுருளுக்கு அருகிலேயே நெருக்கி அமைத்தேன். இடம் மிஞ்சியது, பாராட்டும் கிடைத்தது.

மூன்று திங்கள் கழித்துச் சில்லு ஆலையிலிருந்து வந்தது. கேட்கும்போது நன்கு கேட்டது. பேசத் தொடங்கியதும் அதன் குரல் தடுமாறியது. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் ஓர் ஐயம். ஒரு சுருளில் மாறும் மின்னோட்டம், தொடாமலே அருகிலுள்ள சுருளிலும் மின்னோட்டத்தை எழுப்பும் என்பது 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மை, பள்ளியிலேயே படித்தது. ஆயினும், வாய் திறக்க அஞ்சினேன்.

அவ்வாரம் ஊருக்குச் சென்றபோது, என் வாட்டம் கண்டு தந்தையார் வினவினார். எல்லாவற்றையும் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“தம்பி, உன் வயதில் நானும் ஒரு தோலில் ஓர் இணை கூடுதலாக வெட்டிக் காட்டினேன். காலணியின் முன்பகுதி வயிற்றுத் தோலில் விழுந்ததை அறிந்தே விட்டேன், எவரிடமும் சொல்லவில்லை. சில மாதங்களில் காலணிகள் பெட்டி பெட்டியாகத் திரும்பின. தைத்தவர்கள் எல்லோருக்கும் கூலி பிடித்தார்கள். அவர்களுள் உன் அம்மாவும் ஒருத்தி” என்றார்.

அடுப்பங்கரையில் இருந்த அன்னையார் ஒன்றும் கூறவில்லை. பாத்திரத்தின் ஓசை மட்டும் ஒரு கணம் நின்றது.

திங்கட்கிழமை காலை இரயிலில் பெங்களூர் திரும்பினேன். குழுவினர் முன் நின்று, “பிழை என்னுடையதாக இருக்கலாம், சுருள்களை ஆராயுங்கள்” என்றேன். ஆராய்ந்தபோது ஐயம் உறுதியாயிற்று. அலையியற்றியின் சுருளைத் தொலைவில் வைத்து, 8 என்னும் எண்ணின் வடிவில் மடக்கி அமைத்தோம். அவ்வடிவில் ஒரு பாதியின் காந்தப்புலம் மறுபாதியினதற்கு எதிராக நின்று அதனைத் தணிக்கும். நான் மிச்சப்படுத்திய இடத்தினும் மிகுதியான இடம் வெறுமையாக விடப்பட்டது. அடுத்த சில்லு தடுமாறாமல் பேசிற்று.

அச்சில்லின் பெரிதாக்கிய படத்தைத் தந்தையாரிடம் காட்டினேன். அவர் வழக்கம்போல் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். “வெட்டாமல் விட்ட இடம் எது?” என்று கேட்டார். சுட்டிக் காட்டினேன். நெடுநேரம் அவ்விடத்தையே நோக்கியிருந்தவர், “சரியாக விட்டிருக்கிறாய்” என்றார்.